கழுத்து, கரை, வால்

கொச்சுத்துறையில் காகம் இல்லாத வருடம் என்று சொன்னால் அந்தக் கடற்கரையில் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். தையல்காரி பெர்பெத்து புத்தாண்டுக் காலையில் மாடிச் சன்னலைத் திறந்து, எதிர்வீட்டுத் தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு காகத்தைப் பார்த்து, வழக்கம்போலத் தன் நோட்டின் முதல் வரியில் ‘காகம்’ என்று எழுதியதில்தான் அது தொடங்கியது.

அவளுடைய தையல் மிஷின் கடலைப் பார்த்த சன்னலுக்கு நேர் கீழே கிடந்தது. கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்த வருடத்திலிருந்து, மிதியில் கால் ஓடிக்கொண்டிருக்க, கண் மட்டும் வெளியே போய் வந்துகொண்டிருக்க, சன்னலில் தெரிந்த பறவைகளை எல்லாம் அவள் எழுதி வைத்தாள். ஒரு பறவைக்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான், அதற்குப் பிறகு அது ஆயிரம் முறை வந்தாலும் நோட்டில் அதற்கு இடமில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு கோடு, மறுநாள் மறுபடி காகத்திலிருந்து ஆரம்பம். எழுதும்போது பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி பறவைக்கும் அவளிடம் ஓர் அளவு இருந்தது. முதலில் கழுத்து, அங்கே காலர் மாதிரி பட்டை இருக்கிறதா என்று. பிறகு சிறகின் கரை, அது என்ன நிறத்தில் மடித்திருக்கிறது என்று. கடைசியில் வால், அது வட்டமாக வெட்டியதா, நேராக வெட்டியதா, பிளவு விட்டதா என்று. மூன்றும் பார்த்தால்தான் எழுதுவாள். இரண்டு தெரிந்து ஒன்று தெரியாமல் பறந்துபோனால், மனசுக்கு என்னதான் நிச்சயமாக இருந்தாலும், அதை விட்டுவிடுவாள். தன் நோட்டில் தப்பான பறவை ஒன்றுகூட இல்லை என்பது அவளுடைய பெருமை. அதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள்.

காகம் போனதை முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இருக்கிற காகத்தைத்தானே ஆட்கள் கவனிப்பார்கள். நெத்திலி காயப்போடுகிற ரெஜீஸ் மட்டும், கையில் கம்போடு பொழுதெல்லாம் காவல் இருப்பவள், அன்று மத்தியானம் ஓலைத் தட்டியின் நிழலில் தன்னை மறந்து தூங்கிவிட்டு, திடுக்கிட்டு எழுந்து பார்த்தபோது பாயில் போட்ட மீன் போட்டபடி கிடந்தது. மாதா காத்தாள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மைனா போயிற்று. பிறகு கிளி போயிற்று, செம்பருந்து போயிற்று, ஐஸ் பிளாண்டுச் சுவரில் வரிசையாக உட்காரும் கொக்குகள் போயின. ரெஜீஸின் பாய் பெர்பெத்துவின் சன்னலுக்குக் கீழேதான் இருந்தது. மேலே பெயர் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயருக்குரிய பறவை கிழக்கே எழும்பிப் போகும். இரண்டு காதும் இரண்டு கண்ணும் உள்ள யாருக்கும் புரிகிற விஷயம்தான்.

“அக்கா, நீ பேரு சொன்ன உடனே அது போவுது கேட்டியா” என்றாள் ரெஜீஸ், படியில் நின்று.

“போனா போவட்டு எடி. அதுக்குச் சிறகு இருக்கு.”

“போனது திரும்பி வரல்லியே.”

போனவை சாகவில்லை. ஊருக்குக் கிழக்கே ஓடுகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் காகங்கள் முன்போலவே கத்திக்கொண்டு திரிந்தன. கால்வாய் வரை வரும், அதற்கு மேல் அங்கே ஒரு சுவர் இருக்கிற மாதிரி சாய்ந்து திரும்பும். பெர்பெத்து நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். எழுதாமல், சொல்லாமல், ஒரு மீன்கொத்தியின் கழுத்தையும் கரையையும் வாலையும் பார்த்து மனசுக்குள் மட்டும் ‘சரி’ என்றாள், அது போய்விட்டது. வீட்டைவிட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துத் தெருவில் நின்று ஒரு தவிட்டுக்குருவியைப் பார்த்தாள், அதுவும் போய்விட்டது. ஊர் முழுவதையும் அவள் வீடு என்று பறவைகள் எடுத்துக்கொண்டன போலிருந்தது. போனதை எழுதாமல் விட்டால் நோட்டு பொய்யாகிவிடும் என்று, பெட்டியைத் திறந்து இரண்டையும் எழுதினாள்.

இதற்காக ஊர் பயந்துவிடவில்லை. சுனாமியையும், துறைமுகத்துக்காகக் கடலில் கொட்டிய கல்லையும் பார்த்த ஊர் அது. இதையும் வேலைக்கு ஆகுமா என்றுதான் முதலில் பார்த்தது. பங்குத்தந்தை ஆள் அனுப்பினார். கோயில் மணிக்கூண்டில் புறாக்கள் அடைந்து, பீடம் வரை எச்சம் விழுவதாகவும், பெர்பெத்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது சும்மா ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்றும் சொன்னார். தென்னந்தோப்புக்காரர் மரங்கொத்தியைப் பார்க்கச் சொன்னார். மீன் காயப்போடும் பெண்கள் எல்லோரும் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அவளுக்கு முதல் தரமான கருவாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“எனக்க மாமியாரையும் கொஞ்சம் பாருங்கக்கா” என்றாள் ஒருத்தி.

“அது பறவை இல்லியே பிள்ளே.”

“வாயைப் பாத்தா கிளியாக்கும்.”

“கிளி எழுதியாச்சு. இனி அடுத்த வருசம்தான்.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஊருக்குச் சித்திரை வெயிலில் சிரிப்பு நின்றது. காகமும் பருந்தும் தின்று தீர்த்த மீன்குடலும் தலையும் கரையெல்லாம் கிடந்து நாறின, ஈ மொய்த்தது, நாய்களுக்குத் தின்று அலுத்துப்போயிற்று. காலையில் கண்விழிக்கிற நேரம் யாருக்கும் பிடிபடவில்லை, ஏனென்றால் அதுவரை எழுப்பிக்கொண்டிருந்த சத்தம் எது என்றுகூட யாரும் யோசித்ததில்லை. பெர்பெத்து தலைநிமிராமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். பூசைக்குப் போகும்போது முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே வருபவர்கள், அவள் வருவதைப் பார்த்ததும், தங்கள் வீட்டுக் கோழிகளைக் கூடைக்குள் போட்டு மூடினார்கள்.

ஆனால் அவளுடைய பயமும் ஊருடைய பயமும் வேறொன்றில் இருந்தன, அது ஆலா. ஆடிக் காற்று தணிந்ததும் அந்தக் கரைக்கு வருகிற வெள்ளைப் பறவை ஆலா. கூட்டமாக வந்து கடலின் மேல் நின்று, தலைகீழாக விழுந்து மீன் பிடிக்கும். ஆலா விழுகிற இடத்தில் வலை விழுந்தால் நெத்திலியும் சாளையும் வள்ளம் தாழ வரும். கொச்சுத்துறைக்காரர்கள் எந்தக் கருவியை வாங்கினாலும் கடைசியில் நம்புவது அதைத்தான். வருடா வருடம் அதை முதலில் பார்ப்பவள் பெர்பெத்து. சன்னலில் எழுந்து நின்று, “ஆலா வந்தாச்சு!” என்று அவள் கூவுவாள், கீழே அவள் புருஷன் செலஸ்தீன், அதிகம் பேசாத மனிதன், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தாலும் கையை உதறிவிட்டு எழுந்து, தம்பி மிக்கேலைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளுவான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாண நாள்கூட இரண்டு பேருக்கும் மறந்துபோகும், ஆலா வந்த நாள் மறந்ததில்லை.

ஆடி முடிகிற நேரத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் ததேயு, செலஸ்தீனுக்கு மாமா முறை, சுற்றி வளைக்காமல் பேசினார்.

“மருமகளே, நீ நாகர்கோவில்ல உனக்க அக்காகிட்டப் போய் ஒரு சீசன் இருந்துட்டு வா. ஆலா போச்சுன்னா இஞ்ச எவனும் அடுப்புப் பத்தவைக்க முடியாது.”

“மிஷின் இஞ்ச கிடக்கு மாமா. பள்ளிக்கூட யூனிபாரம் அம்பாரமா கிடக்கு.”

“மிஷினையும் தூக்கிட்டுப் போ.”

பெர்பெத்து செலஸ்தீனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அவ இஞ்சயே இருக்கட்டு. சன்னலை நான் மூடுதேன்” என்றான்.

நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, வெளியே ஏணி போட்டு, சன்னலின் நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். உள்ளே அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவன் கை நகர்வது நிழலாகத் தெரிந்தது. கட்டி முடித்தும் கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

ஆலா வந்தது. அவளுக்குச் சத்தம் கேட்டது. காய்ந்த கதவு திறக்கிற மாதிரி, கிர்ரிக், கிர்ரிக் என்று. சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டாலும் போய்விடுமோ என்று பயந்து, மிதியை வேகமாக மிதித்து மிஷின் சத்தத்தில் அதை மூழ்கடித்தாள். பகலிலும் டியூப்லைட்டில் தைத்தாள். வாழ்நாளெல்லாம் நேராக ஓடிய தையல் அந்த மாதங்களில் கோணலாக ஓடியது. சட்டைப் பைகள் ஒரு விரல் சாய்ந்தன. அந்த வருடம் கொச்சுத்துறைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கம் தோள் இறங்கியவர்கள் மாதிரி பள்ளிக்கூடம் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. வள்ளங்கள் நிறைந்து வந்துகொண்டிருந்தன.

கார்த்திகையில், யாரும் எச்சரிக்காத ஒரு காற்று வந்தது. தெற்கே இருந்து எழும்பி, ஒரு பகல் முழுவதும் கடலைப் புரட்டிப் போட்டுவிட்டு, தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. செலஸ்தீனும் மிக்கேலும் ஏறவில்லை. அவர்களுடைய வயர்லெஸ் சத்தமில்லாமல் போயிருந்தது.

மறுநாள் காலையில் காற்று இல்லை, ஆனால் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே சாம்பலைக் கொட்டியது போல் ஒரு மூட்டம். தேடிப் போக இரண்டு வள்ளம் தயாராக நின்றது. இருந்த டீசலுக்கு ஒரு பக்கம்தான் போக முடியும். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவன் பைனாகுலர் கொண்டுவந்தான். கோயில் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தார்கள். சாம்பல்தான் தெரிந்தது.

“வள்ளத்துல மீன் கிடக்கும். வலை பாதி தண்ணியில கிடக்கும். ஆலா அதுக்கு மேலதான் நிக்கும்” என்றார் ததேயு. “அதைக் கண்டா போதும்.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்த மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காணக்கூடிய கண் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கண் கண்டால் அது போய்விடும்.

மிக்கேலின் பெண்டாட்டி ஜெசிந்தா, நிறைமாசம், பெர்பெத்துவின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்: “தார்ப்பாயைக் கிழிங்க மாமா! என்ன யோசிக்கிய?”

“கிழிச்சா ஆலா போயிரும் மக்களே. ஆலா போனா அவனுவளுக்க தலைக்கு மேல நிக்குததும் சேர்ந்து போயிரும். பிறகு எதை வச்சுத் தேட?”

அவர் சொன்னது சரிதான். மேலே மாடியில் பெர்பெத்துவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காவிட்டால் அவனைக் கண்டுபிடிக்க முடியாது. பார்த்தால் அவனுடைய அடையாளத்தைத் தானே அழித்துவிடுவாள். பார்க்க வேண்டும், ஆனால் தெரிந்துகொள்ளக் கூடாது. கழுத்தையும் கரையையும் வாலையும் பார்த்தே பழகிய கண்ணை அவற்றைப் பார்க்காமல் இருக்க வைக்க வேண்டும். ஓடுகிற மிஷினில் ஊசியை மட்டும் நிறுத்துகிற மாதிரி.

அவள் துணிவெட்டும் பெரிய கத்தரியை எடுத்து, தார்ப்பாயை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் வெட்டினாள்.

“எடி ரெஜீஸ், வயர்லெஸ்ஸைக் கொண்டு மேல வா. மாமா, வள்ளத்தை இறக்குங்க.”

வள்ளங்கள் அலை தாண்டும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு திறந்தாள். எத்தனையோ வருடங்களாக அந்தத் தூரத்தை அளந்த கண்ணுக்கு, சாம்பலுக்குள்ளே ஒரு இடத்தில் சாம்பல் சும்மா இல்லை என்பது தெரிந்தது. நூல் துணுக்குகளைக் காற்றில் விட்ட மாதிரி ஏதோ எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

“குருசடிக்கு நேர் பின்னால ஐஸ் பிளாண்டு வரணும். அப்பிடி வச்சு ஓடச் சொல்லு.”

கரையோரச் சிலுவைக் கோயிலான குருசடியும் ஐஸ் பிளாண்டும் வள்ளத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் ஒரே கோட்டில் தெரிய வேண்டும் என்று ரெஜீஸ் வயர்லெஸ்ஸில் சொன்னாள். வள்ளங்கள் திரும்பின. படிக்கட்டு முழுவதும் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் செபமாலை சொல்லவில்லை. சத்தம் கேட்டு அவள் கண் தப்பிவிடும் என்று உதட்டை மட்டும் அசைத்தார்கள். துணுக்குகள் தெற்கே நகர்ந்தன. “இன்னும் தெற்க” என்றாள். “இன்னும் கொஞ்சம்.” வயர்லெஸ்ஸில் ததேயுவின் குரல் வந்தது: “குருசடி மறைஞ்சு போச்சு. கரை ஒண்ணும் தெரியல்ல. ஆலாவும் தெரியல்ல. இப்ப எப்பிடி?”

அப்போது மூட்டத்தின் ஒரு மூலை கிழிந்து வெயில் விழுந்தது. அவளுக்குக் கழுத்து தெரிந்தது. பிடரியில் கறுப்பு, அதன் கீழே வெள்ளைக் காலர். பார்வையை விலக்க முடியாது. விலக்கினால் வள்ளம் வழி தவறும். சிறகின் கரை தெரிந்தது, சாம்பல், நுனியில் கருமை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டாள். ‘ரெண்டுதான் தெரியும். ரெண்டை வச்சு நான் எழுதினது இல்ல.’ கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து, வாயில் மீனோடு, கரையைப் பார்த்து, அந்தச் சன்னலைப் பார்த்து நேராக வந்தது; ஐஸ் பிளாண்டுக்கு மேலே வந்து, சாய்ந்து, திரும்பியது. வால் விரிந்தது. அவள் கையில் இன்னமும் இருந்த கத்தரியைப் போலப் பிளந்த வால்.

பெர்பெத்துவுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த கணத்திலேயே தூரத்தில் துணுக்குகள் ஓரத்திலிருந்து கிழக்கே சாயத் தொடங்கின. வயர்லெஸ்ஸில் ததேயு, “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“காகம்” என்றாள் பெர்பெத்து.

“என்னக்கா?” என்றாள் ரெஜீஸ்.

“காகமாக்கும் அது. கூட்டமா காகம் நிக்குது.” வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பறவையைத் தப்பாகச் சொன்னாள். “காகம் எழுதியாச்சு. ஜனவரியிலேயே எழுதியாச்சு. எழுதினதை மறுபடி எழுதுத வழக்கம் எனக்கு இல்ல.”

ரெஜீஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். ஒரு வருடமாக எல்லாவற்றையும் கவனித்து வந்த அவளுடைய இரண்டு காதும் இரண்டு கண்ணும் அப்போது உதவின.

“ஆமக்கா, காகம்தான்” என்றாள். “கழுத்து?”

“கறுப்பு. காகத்துக்குக் கறுப்புத்தானே.”

“காகத்துக்குக் கறுப்புத்தான்” என்றாள் படியில் மேலே இருந்த ஒருத்தி.

“கரை?”

“சாம்பல். சாம்பல் கலந்த காகம்.”

“காகம்தான்” என்றார்கள் நாலைந்து பேர்.

“வாலு?”

பெர்பெத்து கையிலிருந்த கத்தரியை மடக்கினாள். “காக்கா வாலு.”

“காகம்தான்!” என்றது படிக்கட்டு முழுவதும், வாசலில் நின்ற ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “காகம்!” என்றாள்; கரையில் நின்றவர்கள், என்ன ஏது என்று கேட்காமல், பிரார்த்தனைக்குப் பதில் சொல்கிற மாதிரி, “காகம், காகம்” என்றார்கள்; ஓய்ந்தால் என்ன ஆகுமோ என்று யாரும் ஓயவில்லை. வெள்ளை வெளேரென்று விழுந்து எழும்புகிற பறவையைப் பார்த்துக்கொண்டே, ஊர் முழுவதும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பொய் சொன்னது. கிழக்கே சாய்ந்த துணுக்குகள் நின்றன. யோசித்தன. ஒவ்வொன்றாகத் திரும்பின.

“தெரியுது!” என்று வயர்லெஸ் அலறியது. “தலைக்கு மேல தெரியுது! கீழ வள்ளம் கிடக்கு. கமந்து கிடக்கு. ரெண்டு பேரும் மேல கிடக்கானுவோ. கையை ஆட்டுதானுவோ!”

பெர்பெத்து அப்போதும் உட்காரவில்லை. அவர்கள் கரை வந்து சேரும்வரை சன்னலில் நின்று, குரல் போன பிறகும் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

போர்வையைப் போர்த்தி, இரண்டு பக்கமும் ஆள் தாங்க, செலஸ்தீன் வீட்டுக்குள் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஆலாக்களும் கரைவரை வந்து, ஐஸ் பிளாண்டுச் சுவரில், கொக்குகள் இருந்த இடத்தில் உட்கார்ந்தன. அவன் கட்டன் சாயாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளிடம் சொன்னான்.

“நேத்து பூரா ஒழுங்காத்தான் கத்திச்சு பெர்பெத்து. இன்னைக்குத் திடீர்னு...” அவன் சன்னல் பக்கம் தலையைச் சாய்த்தான்.

எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். சுவரில் இருந்த வெள்ளைப் பறவைகள், கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, கா, கா என்று கத்திக்கொண்டிருந்தன.

அந்தக் கரையில் ஆலா இன்றைக்கும் அப்படித்தான் கத்துகிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் நின்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள். கொச்சுத்துறைக்காரர்கள், அதற்கு என்ன, எங்கள் காகம்தானே என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போவார்கள். பெர்பெத்து அந்த வருடத்து நோட்டில் ஆலாவை எழுதவில்லை. டிசம்பர் கடைசியில் கோடு போடும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

புத்தாண்டுக் காலையில் ஊர் முழுவதும் அவள் சன்னலுக்குக் கீழே, ஒரு வேலையாக வந்தவர்கள் மாதிரி, நின்றது. செலஸ்தீன் தார்ப்பாயின் மிச்சத்தை அவிழ்த்தான். கால்வாயைத் தாண்டி ஒரு பறவை வந்து எதிர்வீட்டுத் தகரக் கூரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பெர்பெத்து கழுத்தைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். வாலுக்குப் போகும் முன் கண்ணை ஊசிக்குத் திருப்பிக்கொண்டாள். பிறகு நோட்டைத் திறந்து, ‘கழுத்து சாம்பல், கரை கறுப்பு, ஒன்று’ என்று எழுதினாள். இன்றுவரை அவள் எழுதுவது அப்படித்தான். மூன்றாவதை அவள் பார்ப்பதில்லை.

எழுதியதைச் சத்தமாகச் சொல்லவும் இல்லை. மிதியில் காலை வைத்தாள், ஆனால் மிதிக்கவில்லை. கீழே எல்லோரும் அது கிழக்கே எழும்பிப் போகிறதா என்று பார்த்தார்கள். மத்தியானம் ஆகி நிழல் சுவரோடு ஒட்டி ஒடுங்குகிறவரை அப்படியே நின்றார்கள்.

அப்போது ரெஜீஸின் குரல் கேட்டது. பழக்கம் விட்டுப்போய்க் கம்பை எங்கே வைத்தோம் என்று தேடி, கிடைக்காமல், செருப்பைக் கழற்றி வீசி, “எடா கரிமூஞ்சிக் களவாணி! நாசமாப் போறவனே! எனக்க நெத்திலி... ஒரு வருசம் பட்டினி கிடந்தவன் மாதிரி தூக்கிட்டுப் போறியே!” என்று அவள் திட்டிக்கொண்டே ஓட, கரையில் நின்ற ஒவ்வொருவரும் அந்தத் திட்டை வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்க, மேலே மிஷின் ஓடத் தொடங்கியது, நேராக.